சதுரம் நிற்காத ஊர்

எங்கள் ஊரில் சதுரமெல்லாம் இளகிப்போனது ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை காலையில். இட்லிச் சட்டி வட்டமாக இருந்ததால் தப்பித்தது, கிணறு தப்பித்தது, உரல் தப்பித்தது, என் கடையில் தொங்கிய டயர்களெல்லாம் தப்பித்தன. ஆனால் நாலு மூலை உள்ளது எதுவோ அது அத்தனையும், கட்டில், கதவு, ஜன்னல், கேரம் போர்டு, மாட்டுக் கொட்டகை, ரேஷன் கடை, கருப்பசாமி கோயில் மண்டபம், நாலு சுவர் எழுப்பின வீடுகள், எல்லாம், மேல்காற்று வீச வீச, பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆள் தோளில் சாய்கிற மாதிரி மெதுவாகக் கிழக்கே சாய்ந்தன. விழவில்லை. ஒரு செங்கல் உதிரவில்லை, ஒரு விரிசல் விடவில்லை. காற்று வீசினால் சாயும், காற்று நின்றால் நிமிரும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாலு மூலைச் சாமான் எதையாவது எங்கள் ஊர் எல்லைக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். நான் சீனியம்மாள், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்; நாள் முழுக்கப் பஞ்சர் ஒட்டுகிறவளுக்குக் கதை கட்ட நேரம் கிடையாது.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். எங்கள் ஓடைக்கரைப்பட்டி தீப்பெட்டி ஊர். மானம் பார்த்த வெள்ளாமை ஒரு பக்கம் இருந்தாலும் சோறு போடுவது தீக்குச்சிதான். மருந்து வைக்காத வெள்ளைக் குச்சி வீட்டுக்கு வீடு கிடக்கும், எங்கள் பிள்ளைகள் ஒன்று இரண்டு எண்ணப் பழகுவதே அதை வைத்துத்தான். நாசரேத்துப் பக்கமிருந்து ஜெபசீலி டீச்சர் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு அந்தக் குச்சிக்கு இன்னொரு வேலையும் வந்துவிட்டது. ஒருநாள் டீச்சர் என் கடைக்கு வந்து, "சீனியம்மாக்கா, பழைய வால்வு ட்யூப் இருந்தா குடுங்க," என்று கேட்டார்கள். சைக்கிள் ட்யூபில் அடித்த காற்று திரும்பி வராமல் இருக்க வாயில் மாட்டுவோமே, அந்த மெல்லிசு ரப்பர்க் குழாய்.

"எத்தன சைக்கிளுக்கு டீச்சர்?"

"சைக்கிளுக்கு இல்லக்கா. வீடு கட்டப்போறோம்."

அந்த ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டில் இந்தப் பக்கம் ஒரு குச்சி அந்தப் பக்கம் ஒரு குச்சி சொருகி, மூலை மூலையாகச் சேர்த்துப் பிள்ளைகள் கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம்; எத்தனை தள்ளினாலும் அசையாது, குச்சிதான் ஒடியும். நாலு குச்சி சேர்த்தால் சதுரம். சுண்டுவிரலால் தொட்டாலே படுத்துவிடும். அந்த டீச்சரிடம் ஒரு பழக்கம், எதற்கும் பதில் சொல்லமாட்டார்கள், கேள்விதான் கேட்பார்கள். "தள்ளுனா எங்க போகுது மக்கா? கை வச்சுப் பாத்துட்டுச் சொல்லு," என்பார்கள். பிள்ளைகள் அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஊரில் ஒரு சாமானை விடவில்லை. கட்டிலைத் தள்ளினார்கள், கதவைத் தள்ளினார்கள், பஸ் நிறுத்தத்துத் தூணைத் தள்ளினார்கள், ரேஷன் கடைச் சுவரில் வரிசையாக நின்று தோள் கொடுத்தார்கள், என் மகன் கருத்தபாண்டி என் வீட்டு நிலைக்கதவில் கால் வைத்து உந்தி என்னிடம் முதுகில் ஒன்று வாங்கினான். மறுநாள் காலையில் ஊர் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் அத்தனை பேர் ஒரே நாளில் அத்தனை ஆசையாகக் கேட்டதும் சதுரங்களுக்கு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது என்பது என் கட்சி.

முதல் நாள் எல்லாரும் பதறித் தெருவுக்கு ஓடினோம். மத்தியானம் பசித்தது, உள்ளே போய் உலை வைத்தோம். சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு ஒரு சனம் வெளியே இல்லை. டிவி சாய்ந்தது, அதற்குள் அழுத மருமகளும் சாய்ந்து அழுதாள், நாங்களும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்துவிட்டுப் படுத்தோம். கட்டில் மடங்கிப்போனவர்கள் பாய் விரித்தார்கள். பாயும் கோணிக்கொண்டுதான் கிடந்தது, ஆனால் பாய் எப்படிக் கிடந்தால் யாருக்கு என்ன. மேற்குத் தெருவில் ஒரு வீடு சாய்ந்து கிழக்கு வீட்டுக்காரர் முற்றத்துக்கு மேலே வந்துவிட, "என் எடத்துல ஒன் வீட்டு நெழல் விழுது," என்று அவர் மல்லுக்கு நின்று, பஞ்சாயத்துக் கூடி, ஆடி ஆவணியில் இந்த வீடு அந்தப் பக்கம் சாயட்டும், ஐப்பசியில் கீழ்க்காற்று வரும்போது அந்த வீடு இந்தப் பக்கம் சாயட்டும், கணக்கு நேராகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பஸ் டிரைவர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி, "ஒங்க ஊருக்குள்ள வந்தா என் வண்டி நெளியுது, எறங்கி நடங்க," என்றார். நாங்களும் நடந்தோம். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் வீடு சாய்வதைப் பார்த்து எழுந்திருக்கப் போக, பெண்ணின் அம்மா காபித் தம்ளரை நீட்டி, "காத்து நின்னுரும், குடிங்க மதினி," என்று சொல்லிக் கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டாள்.

என் கடையில் இருந்த சைக்கிள்களில் ஒன்றுகூட நெளியவில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் என்று மட்டும் தெரியவில்லை. டீச்சரிடம் படிக்கிற ராஜகனி வந்து விரலால் தொட்டுக் காட்டினாள். "அத்த, இந்தா பாருங்க, சீட்டுலருந்து பெடலுக்கு, பெடல்லருந்து பின் சக்கரத்துக்கு, அங்கருந்து திரும்பச் சீட்டுக்கு. மூணு மூல. ஒங்க சைக்கிளு முக்கோணத்துல நிக்குது." இத்தனை வருசம் அதன் முன்னால்தான் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளாவது கண்ணில் பட்டதா என்றால் இல்லை.

இந்த ராஜகனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்கு வந்தது வெறும் சாய்வு, அவளுக்கு வந்ததுதான் ஆபத்து. ஏழாம் வகுப்புப் படித்தாள். அப்பா இல்லை. அம்மா மாரியம்மா தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டி செய்கிற இடத்தில், குச்சி அடுக்குகிறவள், விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வீட்டில் செல்லையா என்று ஒரு தம்பி, நாலு வயசு, கால் ஊன்றமாட்டான், பிறந்ததிலிருந்தே அப்படி. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ராஜகனி பள்ளிக்கூடம் வருவாள். டீச்சர் அவனுக்குப் பின் பெஞ்சு ஓரமாக ஒரு சாக்கை விரித்துக் கையில் குச்சியும் ரப்பரும் கொடுத்துவிடுவார்கள், அவன் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நாலு எட்டு என்பதால்தான் இது நடந்தது. பள்ளிக்கூடம் தள்ளிப் போனால் அவள் படிப்பும் போச்சு. இது மாரியம்மாவுக்குத் தெரியும், ராஜகனிக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

சாய்கிற வீட்டுக்கு மருந்து கண்டுபிடித்ததும் அவள்தான், அதாவது பிள்ளைகள். குச்சிச் சதுரத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒரு நீளக் குச்சியைக் கொடுத்தால் சதுரம் இரண்டு முக்கோணமாகிவிடும், அப்புறம் நீ தலைகீழாக நின்றாலும் சாயாது. ராஜகனி தன் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு பழைய மூங்கிலை அப்படிக் கோணலாகக் கட்டினாள். அந்தச் சுவர் நிமிர்ந்து நின்றது. முதல் தரம் கயிற்றைக் கட்டிப் பார்த்தார்களாம், இந்தப் பக்கக் காற்றுக்கு நின்று அந்தப் பக்கக் காற்றுக்குத் தொய்ந்துவிட்டதாம். கயிறு இழுக்கும், தள்ளாது, அதனால் மூங்கில் என்றார்கள். ஒரு வாரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ரேஷன் கடை நீங்கலாக, ஊர் முழுக்க மூங்கிலும் கூரைக்குப் போடுகிற பனங்கையும் இரும்புக் குழாயும் சுவருக்குச் சுவர் குறுக்கே ஏறிவிட்டன. கட்டிலுக்குக் குறுக்குச் சட்டம், ஜன்னலுக்குக் குறுக்குச் சட்டம், கேரம் போர்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம். பஸ் டிரைவர்கூடத் தன் பஸ்ஸுக்குள் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்குமாக இரண்டு கம்பியைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆரன் அடித்தார்.

ஆனால் வாசல் இருக்கிற சுவரை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் எடுத்த வீட்டில், பாடை தெரு தாண்டியதும், வாசலில் உலக்கையைக் குறுக்கே போடுவோம், போனவர் திரும்பி வரக்கூடாது என்று. வாசலில் குறுக்கே ஒரு கட்டை கிடந்தால் அந்த வீட்டில் சாவு. அப்படியிருக்க, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து நிறுத்தின தலைவாசலில் உயிரோடு இருக்கிறவன் எவன் கட்டையைக் குறுக்கே வைப்பான்? நானும் வைக்கவில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. எங்கள் ஊர் வீட்டுக்குத் தலைவாசலுக்கு நேரே கொல்லைவாசல் இருக்கும். ஆக, பக்கத்துச் சுவர்கள் இரண்டும் கட்டையோடு விறைப்பாக நிற்க, முன் சுவரும் பின் சுவரும் காற்றுக்குக் கோணிக்கொண்டு ஆடின. பாதி வீடு நிமிர்ந்து பாதி வீடு சாய்ந்து, முன்னைவிட அலங்கோலமாகிப் போச்சு ஊர்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே கதிதான், அதுவும் நீளக் கட்டடம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஆவுடையப்பன் தன் அம்மா நினைவாகக் கட்டிக் கொடுத்தது; வாசலுக்கு மேலே கல்லில் அந்த அம்மாள் பேர் இருக்கிறது. வடக்கே தலைவாசல், தெற்கே பின்வாசல், மேற்கிலிருந்து காற்று. டீச்சரும் பிள்ளைகளும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனபோது முதலாளி வாசலில் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, நீங்க வெளியூரு. எங்க அம்மா பேருக்குக் கீழ உலக்க போட்ட மாதிரி கட்டையப் போடச் சொல்லுதிய. நான் உயிரோட இருக்கயில நடக்காது."

"சரிங்கய்யா," என்றார்கள் டீச்சர். சண்டை பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் பட்டது.

அப்போதுதான் கவர்மெண்டு ஆபீஸிலிருந்து இஞ்சினியர் வந்தார். சாய்கிற பள்ளிக்கூடம் என்று யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டியதும் அவர் ஜீப்பு நெளிந்தது, கையிலிருந்த ஃபைல் நெளிந்தது, அவர் கொண்டுவந்த ரசமட்டமும் கட்டடத்தோடு சேர்ந்து சாய்ந்துகொண்டு எல்லாம் நேராக இருக்கிறது என்று காட்டியது. மனுசன் கெட்டிக்காரர், அதைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டு, நூலில் கட்டின தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். நூலுக்கு மூலை கிடையாது, அது பொய் சொல்லாது. காற்று ஒரு வீச்சு வீசியது. பள்ளிக்கூடம் சுவரோடு சாய்ந்து அந்த நூலை விட்டு ஒரு முழம் விலகிப் போனது.

"இதுக்குள்ள பிள்ளைகள உக்கார வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இது விழாது சார்," என்றார் தலைமையாசிரியர்.

"விழாதுன்னு நான் எழுதி, விழுந்துருச்சுன்னா? அடுத்த வாரம் இன்னொரு தரம் வருவேன். இதே மாதிரி சாஞ்சா பள்ளிக்கூடத்த மூடி டவுன் பள்ளிக்கூடத்துல சேத்துற வேண்டியதுதான். வேன் அனுப்புவாங்க, பிள்ளைகளுக்குக் கஷ்டம் ஒண்ணும் இருக்காது." கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

வேன் வரும். வேனில் பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கிற பிள்ளைதான் ஏறலாம். செல்லையாவுக்குப் பேர் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மா என் கடை முன்னால் உட்கார்ந்து, "ராஜகனி எட்டாவது முடிப்பான்னு நெனச்சேன் மதினி, ஏழோட நிப்பாட்டுறேன்," என்றாள். செல்லையாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று சொல்லலாம்தான். கடையில் பாதி நேரம் ரோட்டில் நிற்கிறவள், கால் ஊன்றாத பிள்ளையை எங்கே உட்கார வைப்பேன்.

ராஜகனி அழவில்லை. அழுகிற ஆள் இல்லை அவள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளெல்லாம் குச்சியில் ஒரு வாசல் கட்டினார்கள். இரண்டு கால், மேலே ஒரு குறுக்கு. தள்ளினால் சாய்ந்தது. டீச்சர் வழக்கம்போல, "இந்த வாசல்ல ஆள் போகணும், கட்ட இருக்கக் கூடாது, ஆனா சாயவும் கூடாது. எங்க நெகிழுதுன்னு கை வச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். காலும் நெகிழவில்லை, குறுக்கும் நெகிழவில்லை, நெகிழ்ந்ததெல்லாம் மூலை. "அப்பம் மருந்த மூலைக்குப் போட்டாப் போதும்," என்றாள் ராஜகனி. மூலைக்கு மூலை நீளக் குச்சி வேண்டாம். காலும் குறுக்கும் சேர்கிற ஒவ்வொரு மூலையிலும் அரைக் குச்சியை வைத்துச் சின்ன முக்கோணமாக அடைத்தாள். நடுவில் வாசல் வாசலாகவே இருந்தது. கை கொண்டு தள்ளினார்கள், சாயவில்லை. தலைமையாசிரியரின் தடித்த அகராதியை மேலே தூக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள், அப்போதும் சாயவில்லை. ஊரிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் பிள்ளைகள் முதல் தரம் கட்டினதை அப்படியே பார்த்துக் கட்டினோமே தவிர, அது எதனால் நிற்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தக் குச்சி வாசலை எடுத்துக்கொண்டு ராஜகனி, தம்பியை இடுப்பில் வைத்தபடி, தீப்பெட்டி ஆபீஸுக்கே போனாள். கூட நானும் போனேன், வேடிக்கை பார்க்க என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"மொதலாளி, இதுல எங்க உலக்க இருக்கு, காட்டுங்க," என்றாள்.

ஆவுடையப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்குள் விரலை விட்டு எடுத்தார். உள்ளே போகவும் வரவும் எதுவும் தடுக்கவில்லை. மூலை முக்கோணத்தைத் தொட்டு, "இது தோரணம் கட்ட வசதியா இருக்கும் போல," என்றார். அப்புறம் குடோனில் கிடந்த பனங்கை அத்தனையையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். பிள்ளைகள் அளவு சொன்னார்கள், ஆசாரி அறுத்தார், வாசலுக்கும் ஜன்னலுக்கும் சுவர் கூரையைத் தொடுகிற இடத்துக்கும் மூலை மூலையாக முக்கோணம் ஏறியது. ஒவ்வொன்றையும் டீச்சர் தொங்கிப் பார்த்தார்கள், மிதித்துப் பார்த்தார்கள், இரண்டு மூலையைப் பிரித்து மறுபடி அடிக்கச் சொன்னார்கள்.

இஞ்சினியர் வந்த அன்றைக்கென்று பார்த்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. வேப்பிலை அசையவில்லை. பள்ளிக்கூடம் நேராக நின்றது, குண்டு சுவரை ஒட்டித் தொங்கியது, ஊர் முழுக்க வாயெல்லாம் பல்லாகக் கூடி நின்றது. இஞ்சினியர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"காத்து இல்லாதப்ப எல்லாந்தான் நேரா நிக்குது. அந்தா, அந்த ரேஷன் கடையில ஒரு கட்டைகூட இல்ல, அதுவும் நேராத்தான் நிக்குது. நான் எத நம்பி எழுதுவேன்? சாயங்காலம் ரிப்போர்ட்டு போயாகணும்." அவர் சொன்னதும் சரிதான்.

ராஜகனி முன்னால் வந்தாள். "சார், காத்து வந்தா என்ன சார் செய்யும்?"

"தள்ளும்."

"அத எங்க ஊரு செய்யும் சார். மொதல்ல ரேஷன் கடையத் தள்ளச் சொல்லுங்க. பெறகு பள்ளிக்கூடத்தத் தள்ளச் சொல்லுங்க. ரெண்டையும் பாத்துட்டு எழுதுங்க."

நாலு இளவட்டங்கள் ரேஷன் கடைச் சுவரில் கை வைத்தார்கள். அது வெண்ணெய் மாதிரி அந்தப் பக்கம் போனது, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. இஞ்சினியர் தலையாட்டினார். ஊர் பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரைப் பார்க்க நடந்தது. அப்போது ராஜகனி செல்லையாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனாள். பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள், என் கருத்தபாண்டி உட்பட.

"என்ன இது, பிள்ளைகள வெளிய வரச் சொல்லுங்க டீச்சர்," என்றார் இஞ்சினியர்.

உள்ளேயிருந்து ராஜகனிதான் பதில் சொன்னாள். "வெறுங்கட்டடத்தத் தள்ளி என்ன சார் தெரியும்? தெனமும் இருக்கற பாரத்தோட தள்ளணும். தெனமும் இருக்கற பாரம் நாங்கதான்."

இஞ்சினியர் டீச்சரைப் பார்த்தார். ஜெபசீலி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, "மூலை அம்புட்டையும் நான் தொங்கிப் பாத்துருக்கேன் சார். அவுகளோட நானும் உள்ள இருக்கேன்," என்று சொல்லிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

நாங்கள் சுவரில் கை வைத்தோம். எத்தனையோ சுமை தூக்கியிருக்கிறேன், எத்தனையோ துருப்பிடித்த நட்டைக் கழற்றியிருக்கிறேன், ஆனால் அந்த மாதிரி கை மரத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான். பெற்ற பிள்ளை உள்ளே இருக்கிற சுவரைத் தள்ளு என்றால் எந்தக் கைக்கு வரும்? அக்கம்பக்கம் பார்த்தேன். ஊர்ச்சனம் அத்தனையும் கை வைத்திருந்தது, ஒருத்தரும் தள்ளவில்லை. எருமையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி சுவரைத் தடவிக்கொண்டிருந்தோம்.

இஞ்சினியர் குண்டு நூலைப் பிடித்துக்கொண்டு, "இது காத்தா? இது விசிறி," என்றார். "இப்பிடித் தள்ளுனதப் பாத்து நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

அப்போதுதான் மாரியம்மா வந்தாள், தீப்பெட்டி ஆபீஸ் இடைவேளையில், விரலெல்லாம் குச்சித் தூசியோடு. நடந்ததைச் சொன்னோம். ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். மகள் முதல் பெஞ்சில், மகன் சாக்கில். அவள் முகம் செத்துவிட்டது. வாயைத் திறந்து, வெளியே வாடி என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன், நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மாரியம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, காலைப் பின்னால் அகட்டி வைத்தாள்.

"நல்லாத் தள்ளுங்க," என்றாள் எங்களைப் பார்த்து. "அரகுறையாத் தள்ளுனா அவளத் தோக்கடிக்கியன்னு அர்த்தம். என் பிள்ள கட்டுனது நிக்கும்னா நிக்கும், தள்ளுங்க."

தள்ளினாள். கண்ணீர் தாடையில் ஒழுக, பல்லைக் கடித்துக்கொண்டு, பிரசவத்தில் முக்குகிற மாதிரி முக்கித் தள்ளினாள். அதைப் பார்த்த பிறகு சும்மா நிற்க யாரால் முடியும்? நான் தள்ளினேன், என் பக்கத்தில் நின்றவள் தள்ளினாள், பஸ் டிரைவர் வந்து தோள் கொடுத்தார், நிழல் விழுகிறது என்று சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் கை வைத்துத் தள்ளினார்கள், முதலாளி ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் அம்மா பேர் இருக்கிற கட்டடத்தை, "மன்னிச்சிரு ஆத்தா," என்று சொல்லித் தள்ளினார், பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ள, முன்னால் நின்றவர்கள் சுவரைத் தள்ள, ஆடி மாசத்து மேல்காற்று மொத்தமும் எங்கள் கைக்குள் புகுந்த மாதிரி, ஊரே ஒரு மூச்சாக, கால் மண்ணில் புதையப் புதையத் தள்ளினோம். எங்கள் காலடியில்தான் குழி விழுந்தது. சுவர் ஒரு மயிரிழை அசையவில்லை. உள்ளே செல்லையா கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இஞ்சினியர் நூலைக் குனிந்து பார்த்தார். ஃபைலைத் தரையில் வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்று தன் தோளையும் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டினதுதான் மிச்சம். தட்டிவிட்டுக்கொண்டே, "பள்ளிக்கூடம் இங்கயே இருக்கும். அப்பிடித்தான் எழுதுவேன்," என்றார்.

எல்லாரும் கையை எடுத்தோம். சிலர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள், சிலர் சிரித்தார்கள், நான் என் மகனைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினேன். மாரியம்மா மட்டும் கையை எடுக்கவில்லை. இஞ்சினியர் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தனியாளாக இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தாள். நாங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

ராஜகனி ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தன் அம்மாவின் தலையைத் தொட்டாள்.

"எம்மா, போதும், நிக்குது. நீ வேலைக்குப் போ. எனக்கு இன்னும் ரெண்டு பீரியடு இருக்கு."